கோடை விடுமுறையின் வர்க்கம்

ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலம் தொடங்கியதும் தெற்கு தில்லி, குருகிராம், மும்பை, பெங்களூரு ஆகிய இடங்களின் பெருந்தனியார் பள்ளிகளில் ஒரு பரபரப்பு எழுகிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். பெற்றோர் ஆலோசனை நிறுவனங்களுக்குக் கட்டணம் செலுத்துகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் வணிகப் பயிற்சித் திட்டங்களுக்கு விண்ணப்பிப்பதற்கான பரபரப்பு இது. இவற்றுள் பெயர் பெற்றது, பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளி நடத்தும் திட்டம். வணிக உலகில் தலைமை ஏற்பதே அதன் தலைப்பு. மூன்று வாரப் பயிற்சி. கட்டணம் பத்தாயிரம் டாலரை ஒட்டியது. விமானச் செலவும் விசாச் செலவும் தனி.

பத்தாயிரம் டாலர் என்பது 2025இல் ஏறத்தாழ எட்டரை லட்சம் ரூபாய். 2025-26ஆம் ஆண்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் நாட்டிலேயே மிக உயர்ந்த நாட்கூலி ஹரியானாவில் வழங்கப்பட்ட 400 ரூபாய். குருகிராம் அந்த ஹரியானாவில்தான் இருக்கிறது. அங்கே ஒரு கிராமத் தொழிலாளி ஆண்டுக்கு நூறு நாள் வேலையையும் முழுமையாகப் பெற்று, ஒரு காசும் உண்ணாமல் உடுத்தாமல் சேர்த்துவைத்தாலும், பக்கத்து மாளிகையில் வாழும் மாணவனின் மூன்று வாரப் பயிற்சிக் கட்டணத்தை எட்ட இருபத்தொரு ஆண்டுகள் ஆகும்.

பணக்காரர்கள் செலவு செய்கிறார்கள், அதற்கு நாம் ஏன் வருந்த வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். ஆடம்பரத் திருமணங்களைப் பற்றியா நாம் தலையங்கம் எழுதுகிறோம்? கேள்வி நியாயமானது. ஆனால் இங்கே விற்கப்படும் சரக்கு வேறு வகைப்பட்டது. திருமணத்தில் செலவிடும் பணம் அங்கேயே தீர்ந்துபோகிறது. இந்தப் பயிற்சிக்குச் செலவிடும் பணமோ ‘தகுதி’ என்ற பெயரைச் சூடிக்கொண்டு திரும்பி வருகிறது. அந்தத் தகுதியைக் காட்டித்தான் நாளை நம் பிள்ளைகள் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்படுவார்கள். ஆகவே இந்தச் சரக்கை அவிழ்த்துப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

இத்திட்டங்களை நடத்துவோர், பயிற்சியில் சேர்வதால் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியாகிவிடாது என்றுதான் சொல்கிறார்கள். பிறகு ஏன் இந்த நெருக்கடி? அமெரிக்காவின் உயர்தரத் தனியார் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மாணவரைச் சேர்ப்பதில்லை. கட்டுரை, பரிந்துரை, பாடத்துக்கு வெளியே செய்த செயல்கள், ‘தலைமைப் பண்பு’ ஆகிய அனைத்தையும் சேர்த்து எடைபோடுகின்றன. முழு மனிதனைப் பார்க்கிறோம் என்பது அவர்களின் விளக்கம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் ஆகிய பொருளியலாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு இந்த இனிமையின் உட்புறத்தைக் காட்டியது. நுழைவுத் தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்ற இருவருள், மிகப் பணக்காரரான ஒரு விழுக்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவர் இத்தகைய உயர்தரப் பல்கலைக்கழகங்களில் சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவரின் வாய்ப்பைப்போல் இரு மடங்குக்கும் மேல் என்று அவர்கள் கண்டார்கள். முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்குத் தரப்படும் முன்னுரிமை, விளையாட்டு வீரர்களுக்கான இடங்கள், பாடம் சாராத தகுதிகளுக்கு வழங்கப்படும் மதிப்பு என மூன்று காரணங்களை அவர்கள் குறிப்பிட்டார்கள். கோடைகால வணிகப் பயிற்சி இந்த மூன்றாவது ஏணியின் ஒரு படி.

இதனைப் ‘போட்டி’ என்று அழைக்கிறார்கள். எத்தனையோ பேர் விண்ணப்பித்துச் சிலர் தேர்வாகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் ஓட்டப்பந்தயம் தொடங்கும் முன்பே மைதானத்தின் வாயிலில் ஒரு காவலன் நின்று, கையில் எட்டு லட்சம் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். உள்ளே ஓடுகிறவர்கள் வியர்வை சிந்துவதை நான் மறுக்கவில்லை. அந்தப் பதினாறு வயதுப் பெண்ணும் பையனும் இரவெல்லாம் விழித்துத்தான் கட்டுரை எழுதுகிறார்கள். அவர்களின் உழைப்பு உண்மையானது. வாயிலில் நின்ற காவலனை அவர்கள் பார்த்ததில்லை என்பதும் உண்மை. பார்க்காதவரையில்தான் தன் வெற்றி முழுக்கவும் தன்னுடையதே என்று ஒரு மனிதன் நம்ப முடியும். ஆளும் வர்க்கத்தின் அடுத்த தலைமுறைக்கு அந்த நம்பிக்கை இன்றியமையாதது. அதனை ஊட்டுவதே இப்பயிற்சியின் முதல் பாடம்.

வார்ட்டன் பள்ளியின் வரலாறு நம் வாசகர்களுக்குப் பயன்படக்கூடியது. 1881இல் அதனை நிறுவிய ஜோசப் வார்ட்டன் நிக்கல், துத்தநாகம், எஃகு ஆகிய தொழில்களில் செல்வம் குவித்த முதலாளி. அமெரிக்காவில் பல்கலைக்கழகம் ஒன்றில் அமைந்த முதல் வணிகப் பள்ளி அது. அங்கே என்னென்ன கற்பிக்கப்பட வேண்டும் என்று அவரே ஒரு திட்டம் வகுத்துத் தந்தார். பெருந்திரளான தொழிலாளர்களை ஒரே தலைமையின் கீழ் திரட்டி அவர்களிடையே ஒழுங்கைக் காப்பதன் தேவை, வேலைநிறுத்தங்களின் தன்மை, அவற்றைத் தடுக்கும் வழி ஆகியவை அதில் இடம்பெற்றன. உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதிக்கு வரி விதிப்பதன் நியாயத்தைக் கற்பிக்க வேண்டும் என்பதும் அவருடைய நிபந்தனை. ‘தலைமை’ என்ற சொல் அந்தப் பள்ளியில் தொடக்கத்திலேயே யாருக்கு எதிராக வரையறுக்கப்பட்டது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இன்று விளம்பரச் சிற்றேட்டில் அது புன்னகைக்கும் இளைஞர்களின் படமாக அச்சாகிறது. மூல ஆவணத்தில் அது வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் கலையாக எழுதப்பட்டது.

அந்தப் பள்ளியிலேயே ஸ்காட் நியரிங் என்ற இளம் பொருளியல் ஆசிரியர் இருந்தார். மாணவர்கள் விரும்பிக் கேட்ட ஆசிரியர். பென்சில்வேனியாவின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் குழந்தைகள் வேலை வாங்கப்படுவதை எதிர்த்து அவர் எழுதினார், பேசினார். 1915இல் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்கள் காரணம் எதுவும் கூறாமல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பின்னர் 1973இல், அவர் தொண்ணூறு வயதை எட்டும் காலத்தில், அதே பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு ஓய்வுநிலைப் பேராசிரியர் பட்டம் அளித்துப் பிராயச்சித்தம் தேடிக்கொண்டது. மூன்று வாரப் பயிற்சிக்குச் செல்லும் நம் நாட்டு மாணவர்கள் நிறுவனரின் பெயரை அறிந்து திரும்புவார்கள். நியரிங்கின் பெயரை யாராவது அவர்களிடம் சொல்வார்களா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நிறுவனர் வற்புறுத்திய இறக்குமதி வரிப் பாடத்தை மறக்காத முன்னாள் மாணவர் ஒருவர் இருக்கிறார். 1968இல் அப்பள்ளியில் பட்டம் பெற்ற டொனால்டு டிரம்ப்தான் அவர். 2025 ஆகஸ்டு மாதத்தில் இந்தியப் பொருள்கள்மீது அவர் விதித்த வரி 50 விழுக்காடாக உயர்ந்தபோது திருப்பூரின் பின்னலாடைத் தொழிலாளர்களும் சூரத்தின் வைரம் பட்டை தீட்டுவோரும் தம் வேலைக்கு என்ன ஆகுமோ என்று கலங்கி நின்றார்கள். அமெரிக்காவுக்கு நம் சட்டை போவதற்கு அன்று தடை. நம் நாட்டின் டாலர் அங்கே கட்டணமாகப் போவதற்கோ எந்தத் தடையும் இல்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதைத் தாராளமாக்கிய திட்டம் 2004இல் தொடங்கியபோது ஆண்டுக்கு 25,000 டாலர் என்றிருந்த வரம்பு இன்று தலைக்கு 2,50,000 டாலர். 2023-24ஆம் ஆண்டில் அத்திட்டத்தின் வழியே நாட்டை விட்டுச் சென்ற தொகை 3,100 கோடி டாலருக்கும் மேல்.

இனி நம் அரசுகளின் பக்கம் திரும்புவோம். பணக்காரப் பிள்ளைக்கு வார்ட்டன் என்றால் ஏழைப் பிள்ளைக்கு எது?

தில்லி அரசுப் பள்ளிகளில் 2019இல் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொழில்முனைவு மனநிலைப் பாடத்திட்டம் கொண்டுவரப்பட்டது. 2021இல் ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ என்ற திட்டம் சேர்ந்தது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேருக்குத் தலைக்கு 2,000 ரூபாய் முதல். அதைக் கொண்டு வணிகம் தொடங்கிக் காட்ட வேண்டும். சிறந்த குழுக்கள் தொலைக்காட்சியில் தோன்றி முதலீட்டாளர்களிடம் தம் திட்டத்தை விளக்கின. வேலை தேடுவோராக இராமல் வேலை கொடுப்போராக மாறுங்கள் என்று அமைச்சர்கள் பேசினார்கள். பின்னர் ஆட்சி மாறியது. திட்டத்தின் பெயரும் மாறியது. பள்ளிப் பிள்ளையின் கையில் தொழில்முனைவைக் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளும் கொள்கை மட்டும் மாறவில்லை.

ஒரு குருகிராம் மாணவனின் மூன்று வாரக் கட்டணத்தைப் பிரித்தால் தில்லி அரசுப் பள்ளி மாணவர்கள் 425 பேருக்கு முதல் கொடுக்கலாம். ஆனால் தொகையின் வேறுபாட்டைவிடப் பாடத்தின் வேறுபாடே பெரிது. அங்கே போகிறவனுக்குக் கற்பிக்கப்படுவது பிறரின் உழைப்பை நிர்வகிப்பது. இங்கே இருப்பவனுக்குக் கற்பிக்கப்படுவது தன் வேலையின்மையைத் தானே நிர்வகித்துக்கொள்வது. இரண்டாயிரம் ரூபாயில் சாக்லேட் செய்து விற்ற பிள்ளை நாளை வேலையின்றி நிற்கும்போது, வாய்ப்புக் கொடுத்தோம், உன்னால் பயன்படுத்திக்கொள்ள முடியவில்லை என்று அரசு கைவிரிக்கலாம். காலிப் பணியிடம் எங்கே என்ற கேள்வி அந்தப் பிள்ளையின் நாவில் எழாமல் போகும்.

அந்தப் பாடத்தைக் கற்பிப்பவர் யார் என்பதையும் பாருங்கள். தில்லி அரசுப் பள்ளிகளில் பல்லாயிரம் பேர் விருந்தினர் ஆசிரியர்களாக ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறார்கள். விருந்தினர் என்ற சொல்லுக்கு நம் மரபில் உள்ள மதிப்பு பெரிது. விருந்தினரை இப்படி நடத்தும் வீட்டை நான் கண்டதில்லை. வேலை செய்த நாளுக்கு மட்டுமே அவர்களுக்கு ஊதியம். கோடை விடுமுறைக்கு ஊதியம் கிடையாது. தொழில்முனைவைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டு விடுமுறை முழுவதும் கையைப் பிசைந்துகொண்டு வீட்டில் இருக்கிறார் அந்த ஆசிரியர்.

கோடைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தை பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறைக் காலத்திலும் அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவலாம் என்று வெளிப்படையாக அனுமதிக்கிறது. குடும்பத் தொழில் என்றால் நம் நாட்டில் என்ன பொருள்? சாதி எந்தத் தொழிலை விதித்ததோ அந்தத் தொழில். சுரங்கம், வெடிபொருள் போன்ற சில அபாயத் தொழில்களைத் தவிர்த்து மற்றவற்றில் பதினான்கு முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களைக் கூலிக்கு அமர்த்தவும் அச்சட்டம் இடமளிக்கிறது. கல்வி உரிமைச் சட்டமும் பதினான்கு வயதோடு கைகழுவிவிடுகிறது. ஆக, ஒரே கோடையில் ஒரே நாட்டின் பிள்ளைகளுள் ஒருவர் வணிகத் தலைமை கற்க விமானம் ஏறுகிறார்; ஒருவர் இரண்டாயிரம் ரூபாய் முதலுக்குக் கணக்கு எழுதுகிறார்; ஒருவர் சட்டத்தின் ஆசியோடு குடும்பத் தொழிலில் உழைக்கிறார். மூவருக்கும் பெயர் மாணவர். விடுமுறை மூவருக்கும் ஒன்றல்ல.

இந்த நிலையை எதிர்க்கும் நம் தோழர்களிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. இரண்டோடும் நான் மாறுபடுகிறேன்.

முதலாவது, வாய்ப்பை விரிவாக்கக் கோருவோம் என்பது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்து அவர்களையும் அங்கே அனுப்பலாம். இரண்டாயிரம் ரூபாயைப் பத்தாயிரமாக உயர்த்தக் கோரலாம் என்கிறார்கள். நல்ல உள்ளத்திலிருந்து வரும் வாதம்தான். இதற்கு அமெரிக்காவிலேயே முன்மாதிரியும் உண்டு. 1980இல் அதே வார்ட்டன் பள்ளியில், கறுப்பின மாணவர்களையும் பிற சிறுபான்மை மாணவர்களையும் வணிகத் துறைக்கு ஈர்க்கவென்று பெருநிறுவனங்களின் ஆதரவோடு ‘லீட்’ என்ற கோடைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் பயின்று முன்னேறியவர்களின் முன்னேற்றத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் கறுப்பினத் தொழிலாளர்களின் வாழ்வை அது மாற்றியதா? ஏணியில் சிலர் ஏறியதால் ஏணி நியாயமானதாகத் தோற்றம் பெற்றது. நூறு ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைத்தால் அந்த நூறு பேரையும் நாம் வாழ்த்துவோம். அதுவே நம் கோரிக்கையாகுமானால், மீதமுள்ள கோடிக்கணக்கானோரைப் பற்றிய நம் வாதத்தை நாமே கைவிட்டவர்கள் ஆவோம்.

இரண்டாவது கருத்து இதற்கு நேர்மாறானது. வணிகக் கல்வி என்றாலே முதலாளித்துவச் சூழ்ச்சி. நம் பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை என்பது. இது புரட்சிகரமாக ஒலிக்கிறது, ஆனால் தவறானது. நிறுவனத்தின் வரவுசெலவு அறிக்கையைப் படிக்கத் தெரியாத தொழிற்சங்கத் தலைவர் பேச்சுவார்த்தை மேசையில் பாதித் தோல்வியோடு அமர்கிறார். இலாபம் எங்கே மறைக்கப்படுகிறது, தேய்மானம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, வைப்புநிதி செலுத்தப்பட்டதா என்பதை அறியும் கல்வி உழைக்கும் மக்களுக்கு முதலாளியைவிட அதிகம் தேவை.

நம் இயக்கத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. கேரளத்தில் அதை நடைமுறைப்படுத்தும் நிலை வந்தபோது, சட்டத்தை மதிக்க விரும்பாத பீடி முதலாளிகள் கண்ணூர்ப் பகுதியில் தம் தொழிலை மூடிக்கொண்டு எல்லையைக் கடந்தார்கள். வேலையிழந்த தொழிலாளர்கள் 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். கொள்முதல், தரம், விற்பனை, கணக்கு என அனைத்தையும் தாமே கற்றார்கள். கைகள் பீடி சுற்ற, ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதித்த தொழிற்கூடங்கள் அந்த மண்ணுக்குரியவை. வடகரைக்கு அருகே 1925இல் சமூகச் சீர்திருத்தத்தின் விளைவாகத் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் நூறு ஆண்டுகளாகச் சாலையும் பாலமும் கட்டிவருகிறது. காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடியபோது, வேலை நீக்கப்பட்ட ஊழியர்களைத் தோழர் ஏ.கே. கோபாலன் திரட்ட, 1957 முதல் இந்தியன் காபி ஹவுஸ் கூட்டுறவுகள் பிறந்தன. இவையும் வணிகம்தான், இவற்றை நடத்தியதும் தலைமைதான். குறைகளும் நெருக்கடிகளும் இவற்றுக்கும் இருந்தன. ஆயினும் நம் பள்ளிப் பாடநூல்களில் ஓர் அத்தியாயமாகத் தக்கவை. எந்தத் தொழில்முனைவுப் பாடத்தில் இவை இடம்பெற்றிருக்கின்றன?

கட்சி ஆவணங்களை மொழிபெயர்க்கும் வேலையில் இருப்பதால் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். தமிழில் ‘தொழில்’ என்றால் செயல். இலக்கணத்தில் ஒரு செயலின் பெயரைத் தொழிற்பெயர் என்கிறோம். நடத்தல், உழுதல், நெய்தல் எல்லாம் தொழிற்பெயர்கள். அந்தத் தொழிலை ஆள்பவர் தொழிலாளி. சொல்லின் அமைப்பே உழைப்பவரிடம் ஆட்சியைக் கொடுத்திருக்கிறது. பிற்காலத்தில் ‘தொழிலதிபர்’ வந்தார்; இப்போது ‘தொழில்முனைவோர்’ வந்திருக்கிறார். முனைவது யார், செய்வது யார் என்ற கேள்வி மறைந்து, தொழில் என்றாலே இலாபம் ஈட்டுவது என்று பொருள் சுருங்கிவிட்டது. பள்ளியில் ‘தொழில்’ கற்பிக்கிறோம் என்று அரசு சொல்லும்போது எந்தத் தொழில் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

எனவே நாம் கோர வேண்டியவை எவை? 1964-66 கோத்தாரிக் குழு பரிந்துரைத்த பொதுப் பள்ளி முறையும், கல்விக்குத் தேசிய வருமானத்தில் ஆறு விழுக்காடும் இன்னும் ஏட்டளவில் நிற்கின்றன. 2024-25ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படியே ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிகள் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேல். முப்பத்துமூன்று லட்சம் பிள்ளைகள் அவற்றில் பயில்கிறார்கள். அந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியரை நியமிப்பது முதல் கோரிக்கை. விருந்தினர் ஆசிரியரை நிரந்தரமாக்குவதும், அதுவரை விடுமுறைக் காலத்துக்கும் ஊதியம் வழங்குவதும் இரண்டாவது. கல்வி உரிமையைப் பதினெட்டு வயது வரை நீட்டிப்பதும், குழந்தைகளின் விடுமுறையைக் குடும்பத் தொழிலுக்கு ஒப்படைக்கும் சட்டப் பிரிவை நீக்குவதும் மூன்றாவது. வணிகவியல் பாடத்தில் தொழிலாளர் சட்டமும் கூட்டுறவும் கட்டாய இடம்பெறுவது நான்காவது. நூலகம், ஆய்வகம், விளையாட்டு, நாடகம் ஆகியவை அடங்கிய கோடை முகாம்களை மதிய உணவோடு ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் கட்டணமின்றி நடத்துவது ஐந்தாவது. அரசுக்குப் பணமில்லை என்பார்கள். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்ப அனுமதி பெற்றிருக்கும் வர்க்கத்திடம் வரி கேட்டுவிட்டு அதைச் சொல்லட்டும்.

முடிவாக, நம் வீடுகளைப் பற்றி. ஆசிரியர்களாக, வங்கி ஊழியர்களாக, காப்பீட்டு ஊழியர்களாக இருக்கும் நம் உறுப்பினர்கள் பலரின் பிள்ளைகள் இன்று இந்த ஏணிகளின் அடிவாரத்தில் நிற்கிறார்கள். வார்ட்டன் இல்லையென்றால் அதைப் போலப் பாவனை செய்யும் உள்நாட்டு முகாம் ஒன்றுக்கு ஐம்பதாயிரமோ லட்சமோ கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. பிள்ளை இந்தப் பந்தயத்தை உருவாக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் தலைமைப் பண்பை விளக்கி ஐந்நூறு சொல் எழுதச் சொல்லும்போது, தலைமை என்றால் என்ன என்று நம் பிள்ளை நம்மிடம் கேட்கும். அப்போது சொல்ல நம்மிடம் ஒரு விடை இருக்க வேண்டும். ஆலை வாயிலில் முதல் ஆளாக நின்று, இரவில் தண்டோராப் போட்டு, மறுநாள் பேச்சுவார்த்தையில் கணக்கேட்டைப் புரட்டி முதலாளியின் பொய்யைச் சுட்டிக்காட்டிய பெண் தொழிலாளர்கள் நம் சங்கங்களில் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருவரின் வீட்டுக்கு இந்தக் கோடையில் உங்கள் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். கட்டணம் இல்லை, விண்ணப்பமும் தேவையில்லை. அதன்பிறகு உங்கள் மாவட்டத்தில் கோடை முகாம் கோரிக்கையை எழுப்பும் மாணவர் அமைப்பின் கூட்டத்துக்கு அந்தப் பிள்ளையே வழி கேட்டு வரும்.